பிரெஞ்சு குடும்பப் பேரை அந்தந்த ஊர்க்காரங்க சொல்ற மாதிரி சொல்றது எப்படி: முழு வழிகாட்டி

நான் புதுச்சேரிக்காரி, இப்ப பிரான்ஸ்ல அன்சி பக்கம் ஒரு மருத்துவ மையத்துல ரிசப்ஷன்ல இருக்கேன், பதினோரு வருஷம் ஆச்சு. வேலைல பாதி நேரம் வெயிட்டிங் ஹால் வாசல்ல நின்னு பேர் கூப்பிடறதுதான். சேர்ந்த முதல் மாசம் ஒரு பாட்டியை "மதாம் துப்ராஸ்"னு மூணு தடவை கூப்பிட்டேன், எனக்கு எதிர்லயே உக்காந்திருந்தாங்க, எந்திரிக்கல. பிடிவாதம் ஒண்ணும் இல்ல, அது தன்னோட பேருன்னே அவங்களுக்குத் தோணல. அவங்க பேர் எழுத்துல டி-யூ-பி-ஆர்-ஏ-இசட், வாயில துப்ரா. அந்த இசட்டை அவங்க வீட்ல யாருமே சொன்னது கிடையாது.

அதுக்கப்புறம் புதுசா வேலைக்கு வந்த நிறைய பேருக்கு நான்தான் இதைச் சொல்லிக் குடுத்திருக்கேன், தமிழ்ப் பசங்க இருந்தாங்க, பாரிஸ்ல பொறந்து வளர்ந்த பிரெஞ்சுக்காரங்களும் இருந்தாங்க, தப்பு மட்டும் ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான். பிரெஞ்சு இலக்கணம் படிச்சிட்டா பேர் தானா வந்துடும்னு நினைக்கிறாங்க. வராது. சாதாரண வார்த்தைக்கு ஒரு பொது விதி இருக்கு, குடும்பப் பேருக்கு ஊர் விதி, அதுக்கு மேல வீட்டு விதி.

கீழ இருக்கற படிகளை இதே வரிசைல செய்யுங்க. வரிசையை மாத்தினா என்ன ஆகும்னு அங்கங்க சொல்லியிருக்கேன்.

1. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி

மூணு சத்தம் காதுல பழகியிருக்கணும். ஒண்ணு பிரெஞ்சு யூ, நாக்கு இ சொல்ற இடத்துல, உதடு உ சொல்ற மாதிரி குவிஞ்சு. ரெண்டாவது மூக்குல முடியற உயிர், அதாவது கடைசி ன்-ல நாக்கு எங்கயும் தொடவே தொடாது. மூணாவது எ சொல்லிக்கிட்டே உதட்டைக் குவிக்கற சத்தம். இந்த மூணுக்கும் தமிழ்ல தனி எழுத்து இல்ல, அதனால நம்ம காது அதைப் பக்கத்துல இருக்கற தமிழ் சத்தமா மாத்திப் போட்டுக்கும். யூட்யூப்ல ஒரு வாரம் தினம் பத்து நிமிஷம் கேட்டாலே வித்தியாசம் பிடிபட்டுடும், வாயில வர்றது அப்புறம்.

ஒரு சின்ன நோட்டு வேணும். போன்ல டைப் பண்ணிக்கறேன்னு சொல்றவங்க ஆட்டோ கரெக்ட் பண்ண ஸ்பெல்லிங்கோட வந்து நிக்கறாங்க, அதனாலதான் நோட்டுன்னு சொல்றேன்.

இன்னொண்ணு, இங்கிலீஷ் வழியா நமக்கு வந்த உச்சரிப்பை ஒதுக்கி வைக்கணும். நம்ம ஊர்ல ஈபிள் டவர்னு சொல்றோம், பிரெஞ்சுக்காரங்க எஃபெல்னு சொல்றாங்க, அந்தக் குடும்பம் வந்த ஜெர்மனி ஐஃபெல் பகுதிலயோ ஐஃபெல்தான். ஒரே பேர், மூணு வாய். நம்ம கைல இருக்கறது நாலாவது கையா வந்த உச்சரிப்பு, அதை வச்சிக்கிட்டு ஆரம்பிச்சா எந்த விதியும் பொருந்தாது.

2. எழுத்தைப் பார்க்கறதுக்கு முன்னாடி ஆளைக் கேளுங்க

முதல்ல செய்ய வேண்டியது இதுதான், எல்லாரும் இதைக் கடைசியில செய்யறாங்க. முதல்ல தைரியமா ஒரு தடவை சொல்லிப் பார்ப்போம், தப்புன்னா திருத்துவாங்கன்னு நினைப்பு. திருத்த மாட்டாங்க. ஊர் ஊரா போய் தன் பேரைத் திருத்தித் திருத்தி அலுத்துப் போனவங்க "ஆமா நான்தான்"னு எந்திரிச்சு வந்துடுவாங்க. நீங்க சொன்னது சரின்னு நினைச்சு அதையே அடுத்த பத்து வருஷம் சொல்லிக்கிட்டு இருப்பீங்க.

கேக்கற விதமும் முக்கியம். "சரியான உச்சரிப்பு எது"ன்னு கேட்டா ஆள் சுதாரிச்சு பாரிஸ் உச்சரிப்பைச் சொல்லுவார், பள்ளிக்கூடத்துல டீச்சர் சொன்னதுதான் சரின்னு மனசுல பதிஞ்சிருக்கும். நான் கேக்கறது "கொமோன் தித்தோன் வோத்ர் நோன் ஷே வூ", அதாவது உங்க வீட்ல உங்க பேரை எப்படிச் சொல்லுவாங்க. இந்த ஒரு கேள்விக்கு நிறைய பேர் முகம் மாறிடும், தாத்தா எப்படிச் சொன்னாரு, பக்கத்து ஊர்ல எப்படிச் சொல்றாங்கன்னு கதை வரும். அந்தக் கதையையும் நோட்டுல எழுதிக்கங்க, ஆறாவது படில வேணும்.

ரெண்டு தடவை சொல்லச் சொல்லுங்க. முதல் தடவை மெதுவா, எழுத்தைக் காட்டற மாதிரி சொல்லுவாங்க, ரெண்டாவது தடவைதான் இயல்பா வரும். நோட்டுல ஏத்தறது ரெண்டாவதை.

ஆள் எதிர்ல இல்ல, லிஸ்ட் மட்டும்தான் கைல இருக்குன்னா அப்பத்தான் மூணாவது படிக்குப் போங்க.

3. பேரோட ஊரைக் கண்டுபிடிங்க

ஆள் இப்ப இருக்கற ஊர் இல்ல, பேர் பொறந்த ஊர். ஜியோபட்ரோனிம்னு ஒரு தளம் இருக்கு, பிரான்ஸ் புள்ளிவிவர நிறுவனமான இன்சேயோட பிறப்புக் கணக்கை வச்சு எந்தக் குடும்பப் பேர் எந்த மாவட்டத்துல எவ்வளவு இருக்குன்னு மேப்ல காட்டும். 1891 முதல் 1990 வரைக்கும் 25 வருஷம் 25 வருஷமா நாலு மேப்.

நீங்க பார்க்க வேண்டியது முதல் மேப், 1891-1915. புதுசா வர்றவங்க கடைசி மேப்பைத் திறந்துட்டு "எல்லா இடத்துலயும்தான் இருக்கு, பாரிஸ்ல ஜாஸ்தி"ன்னு மூடிடறாங்க. கிராமத்துல இருந்து ஜனங்க பாரிஸ், லியோன்னு நகர்ந்தப்புறம் எல்லாப் பேரும் அங்க குவிஞ்சிருக்கும், அதுல இருந்து ஒண்ணும் தெரியாது. பழைய மேப்ல ஒரு பேர் ரெண்டு மூணு மாவட்டத்துல மட்டும் கருப்பா தெரியும், அதுதான் அதோட வீடு.

மேப்ல புள்ளி பரவலா, எந்த இடத்துலயும் குவியாம இருந்தா அது மர்த்தேன், துபுவா மாதிரி பொதுப் பேர், பொது விதி போதும், அஞ்சாவது படிக்கு நேரா போயிடலாம்.

4. கடைசி எழுத்துல ஆரம்பிச்சு பின்னாடி இருந்து படிங்க

பிரெஞ்சுப் பேர்ல சண்டை முக்காவாசி கடைசி எழுத்துலதான். அதனால முன்னாடி இருந்து படிக்காதீங்க, பின்னாடி இருந்து வாங்க.

ஆல்ப்ஸ் மலை மாவட்டங்களான சவ்வா, ஓத் சவ்வா, அப்புறம் சுவிட்சர்லாந்தோட பிரெஞ்சுப் பக்கம்: கடைசி இசட்டும் எக்ஸும் வாயில வராது. இது பழைய மலைப் பேச்சோட மிச்சம். அந்தப் பேச்சுல கடைசி உயிர் சில வார்த்தைல லேசா விழும், சிலதுல அழுத்தமா விழும், எழுதறவங்க லேசா விழறதுக்கு பொதுவா இசட்டும் அழுத்தமா விழறதுக்கு எக்ஸும் போட்டு அடையாளம் வச்சாங்க. அது எழுத்தே இல்ல, ஒரு குறி. துப்ரா மாதிரி பேர்ல இந்த அழுத்த விதியும் ஒழுங்கா பொருந்தாது, அதனால அழுத்தத்தை விட்டுடுங்க, கடைசி எழுத்தை முழுங்கினா போதும். ஷமொனிங்கற மலை ஊர்ப் பேரோட கடைசில எக்ஸ் இருக்கு, யாரும் சொல்றதில்ல. லொசான்ல 1878-ல பொறந்த எழுத்தாளர் ரமூ, எழுத்துல கடைசில இசட், வாயில வெறும் ரமூ.

1860-ல சவ்வா பிரான்சோட சேர்ந்தப்புறம் வெளி ஊர் அதிகாரி, வாத்தியார், அப்புறம் பனிச்சறுக்குக்கு வர்ற டூரிஸ்ட்டு, டிவி, எல்லாரும் அந்தக் குறியை எழுத்தா படிக்க ஆரம்பிச்சாங்க. அவொரியான்னு உள்ளூர்ல சொல்ற மலை ஊரை அவொரியாஸ்னு சொல்ற ஆளுங்கதான் இப்ப ஜாஸ்தி. ரக்பி பார்க்கறவங்களுக்குத் தெரியும், ஒயொனான்னு ஒரு ஊர் அணி, ஊர்க்காரங்க எக்ஸை விட்டுச் சொல்லுவாங்க, வெளியில ஒயொனாக்ஸ்னு சொல்றதும் காதுல விழும்.

இப்ப விதிவிலக்கு, இதைப் படிக்காம போய்டாதீங்க. இசை அமைப்பாளர் பெர்லியோஸ் 1803-ல இசேர் மாவட்டத்துல லா கோத் சேன்த் ஆந்த்ரேங்கற ஊர்ல பொறந்தவர், சவ்வாவுக்குப் பக்கத்து மாவட்டம், பேர் அதே ஓ-இசட் முடிவு, ஆனா அவர் பேர்ல இசட் நல்லா கேக்கும். ஊர்ப் பேர்லயும் அப்படித்தான், "ஏன்"ங்கற பேருள்ள மாவட்டத்துல இருக்கற ஜெக்ஸ்ல எக்ஸ் கேக்கும், ஏரிக்கு அந்தாண்ட சுவிஸ் பக்கம் இருக்கற பே-ல கேக்காது, எழுத்துல ரெண்டுக்கும் முதல் எழுத்து மட்டும்தான் வேற. அதனாலதான் விதியை ரெண்டாவதா வச்சேன், ஆளை முதல்ல வச்சேன்.

ஈ-இசட் முடிவு தனி விவகாரம். துப்ரே, தெப்ரே மாதிரி வடக்குப் பழைய பேர்ல இசட் ஊமை. ஸ்பெயின்ல இருந்து வந்த ஃபெர்னாந்தேஸ் மாதிரி பேர்ல இசட் கேக்கும். ஒரே முடிவு, குடும்பம் வந்த வழி வேற. லொரேன் பக்கம் மெஸ்ங்கற ஊரை எழுத்தைப் பார்த்து மெட்ஸ்னு சொல்லிட்டு வந்த பையனை நான் பார்த்திருக்கேன், அங்க டி-இசட் ரெண்டும் சேர்ந்து ஒரு ஸ்.

தெற்கு: இங்க தலைகீழ். ஒக்ஸித்தான்ங்கற தெற்கு மொழிப் பேச்சு இருந்த பகுதில கடைசி எஸ் நிறைய பேர்ல கேக்கும். காஸ்த்ர் ஊர்ல 1859-ல பொறந்த தலைவர் ழான் ழொரேஸ், பாரிஸ் மெட்ரோலயும் ழொரேஸ்தான், எஸ்ஸை முழுங்கினா எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க. ஆனா துமா-ல எஸ் ஊமை, புதுச்சேரில ரூ துமாங்கற தெரு இருக்கே, அதே பேர். அந்தப் பேருக்குள்ள இருக்கற மா, அதாவது பண்ணை வீடு, அந்த வார்த்தையைத் தனியா எடுத்தா தெற்குல மாஸ்னே சொல்லுவாங்க. அதனால துமாஸ்னு ஒரு தெற்குக்காரர் தன் பேரைச் சொன்னா அவருக்குப் பிரெஞ்சு தெரியலன்னு அர்த்தம் பண்ணிக்காதீங்க.

தெற்குல இன்னொண்ணு, ஈ-என் முடிவு. நம்ம கடலூர், திருகோணமலை பக்கம் 1782, 1783-ல இங்கிலீஷ்காரங்களோட கடல்ல சண்டை போட்ட தளபதி சுஃப்ரென், புரோவான்ஸ் ஆளு. அவர் பேர் மூக்குல முடியாது, ன்-ல நாக்கு தொட்டு சுஃப்ரென்னுதான் முடியும். புதுச்சேரில சுஃப்ரேன் வீதியைக் கடக்கற நாம சும்மா சொல்றதே கிட்டத்தட்ட சரியாத்தான் இருக்கு, பிரெஞ்சு கத்துக்கிட்டப்புறம் மூக்குல சொல்லி நானே கெடுத்துக்கிட்டேன், அப்புறம் மார்செய்ல ஒரு பெரியவர் சொல்லித்தான் திரும்பி வந்தேன்.

வடக்கு: சி-க்யூ முடிவுல க்யூவுக்கு வேலையே இல்ல, லெக்ளேர்-க்கு பின்னாடி சி வந்தாலும் சி-க்யூ வந்தாலும் லெக்ளேர்தான். இதுல யாரும் பெருசா தடுக்கி விழறதில்ல, ஒரு தடவை சொன்னா போதும்.

5. அப்புறம் நடுவுல இருக்கற கூட்டெழுத்து

எல்-எச் சேர்ந்து வந்தா அது ஒக்ஸித்தான் பேச்சோட ல்ய் சத்தம். பாரிஸ் வாய்க்கு அந்தச் சத்தம் கிடையாது, அதனால ரெண்டு வழியில போச்சு. மார்செய்ல 1892-ல பொறந்த இசை அமைப்பாளர் மியோ பேர்ல அது ய் ஆயிடுச்சு, நீமோட எழுத்தாளர் போலான் பேர்ல வெறும் ல். எது எந்த வழில போகும்னு எழுத்தை வச்சுச் சொல்லவே முடியாது. மில்-ஹாட்னு இங்கிலீஷ் மாதிரி படிக்கறது மட்டும் எந்த ஊர்லயும் இல்ல.

பிரெத்தாஞ், அதாவது மேற்கு மூலை, அங்க சி, மேல ஒரு கொம்பு, அப்புறம் எச். பிரெத்தோன் மொழில அது தொண்டைல உரசற சத்தம். பிரெஞ்சுல அது மூணா பிரிஞ்சு கிடக்கு. பாய்மரப் படகுல தனியா உலகத்தைச் சுத்தற வாந்தே குளோப் போட்டியை 2017-ல ஜெயிச்ச ஆர்மெல் ல கிளேயாக், அவர் பேர்ல அது க். 1998 உலகக் கோப்பை ஃபைனல் ஆடுன கிவார்ஷ் பேர்ல அது ஷ். பென்மார்ங்கற கடலோர ஊர்ல அது காணாமலே போயிடுச்சு. பிரெத்தோன் பேர் வந்தா நான் மேப்கூட பார்க்கறதில்ல, நேரா ஆளைக் கேட்டுடறேன். கெகென் மாதிரி பேர்ல கடைசி ன்-ல நாக்கு தொடற வீடும் இருக்கு, மூக்குல முடிக்கற வீடும் இருக்கு, ரெண்டும் பக்கத்து பக்கத்து கிராமமா கூட இருக்கும்.

ஆல்ஸாஸ்: ஜெர்மன் எழுத்து, பிரெஞ்சு வாய், ஆல்ஸாஸ் காது. பாரிஸ்ல பெரிய தெருவுங்களைப் போட்ட ஓஸ்மான் குடும்பம் அந்தப் பக்கத்துதான், ஜெர்மன்ல ஹவுஸ்மான்னு வர வேண்டியது எச் போய் அவு ஓ ஆகி ஓஸ்மான் ஆச்சு, ஆனா கடைசி ன் மூக்குக்குப் போகல, ரெண்டு என் இருக்கறதால நாக்கு தொடும். புதுசா வர்றவங்க பாதி ஜெர்மன் பாதி பிரெஞ்சா ஹோஸ்மான்னு எச்சைச் சேர்த்து சொல்லுவாங்க, அப்படி யாரும் சொல்றதில்ல. இந்தப் பகுதிப் பேர்ல ஒரு மொழியை முடிவு பண்ணிட்டு கடைசி வரைக்கும் அதுலயே போங்க.

வடக்கு எல்லைல ஃபிளாமிஷ் பேர்: ஏ-ஈ சேர்ந்தா ஆ, அதாவது ஏ-ஈ-ஆர்-டி முடிவு ஆர்த் ஆகும். தெவால்னு சொல்ற பேரை எழுத்துல பார்த்தா தெவாயேல் மாதிரி தெரியும், நம்பாதீங்க.

பெர்ப்பிஞான் பக்கம் கத்தலான் பேர் வரும். பி-யூ-ஐ-ஜி, பார்த்தா புயிக், அங்க பெரியவங்க வாயில பூச். வெளியூர்ல வளர்ந்த பேரப்பிள்ளைங்க புயிக்னே சொல்லிக்கறதும் உண்டு. பாஸ்க் பக்கம் எக்ஸ் ஷ் ஆகும், கால்பந்து வீரர் லிசராசுவோட முதல் பேர் பிஷென்தெ, எழுத்துல எக்ஸ்.

எல்லாத்துலயும் கஷ்டமான பேர்னா எனக்கு தெ ப்ரெய். பிளஸ் டூ பிசிக்ஸ்ல டிபிராக்லி அலைநீளம்னு நம்மள்ல பாதி பேர் மனப்பாடம் பண்ணோமே, 1929-ல நோபல் வாங்குன அவர்தான். குடும்பம் இத்தாலி பியெமோன்தேல இருந்து வந்தது, இத்தாலியன்ல ஜி-எல்-ஐ சேர்ந்தா ல்ய் சத்தம், அது பிரெஞ்சுல வந்து ய் ஆச்சு, ப்ரெய்னு எ-ல உதட்டைக் குவிச்சு சொல்லணும். இதைக் கத்துக்கிட்டு பெருமையா ஸ்ட்ராஸ்பூர் போய் டிராம்ல ப்ளாஸ் ப்ரெய் எங்கன்னு கேட்டா முழிப்பாங்க. அதே குடும்பத்து மார்ஷல் பேர் வச்ச சதுக்கம்தான், ஆனா ஊர்க்காரங்க எழுத்தை அப்படியே படிச்சு ப்ரொக்லின்னு சொல்லுவாங்க, அந்த ஊர்ல அதுதான் பேர். மனுஷனுக்கு ஒண்ணு, சதுக்கத்துக்கு ஒண்ணு, ரெண்டையும் தனித்தனியா எழுதி வைங்க.

6. பேர் எது, அக்சென்ட் எதுன்னு பிரிங்க

இந்தப் படியை விட்டவங்கதான் ஆளை நோகடிக்கறாங்க, அதனால கொஞ்சம் நிதானமா படிங்க.

மார்செய்ல இருந்து வந்த மெஸ்யூ மர்த்தேன் தன் பேரை மர்த்தெங்னு சொல்லுவார். மூக்கு உயிருக்குப் பின்னாடி ஒரு ங் ஒட்டிக்கும், அது தெற்குப் பேச்சு. மதாம் ஃபாப்ர் தன்னை ஃபாப்ரெ-ன்னு ரெண்டு அசையா சொல்லுவாங்க, கடைசி ஈ-யை அங்க முழுங்க மாட்டாங்க. இது பேரோட உச்சரிப்பு இல்ல, அந்த ஆள் ரொட்டியையும் ஒயினையும் கூட அப்படித்தான் சொல்லுவார். நீங்க போய் அதே மாதிரி மர்த்தெங்னு கூப்பிட்டா கிண்டல் பண்றீங்கன்னு நினைப்பார். பிரான்ஸ்ல தெற்கு அக்சென்ட்டை நக்கல் பண்றது ரொம்ப காலமா நடக்கறது, அதுல அவங்க பட்டதும் நிறைய.

பிரிக்கறதுக்கு ஒரு வழி: எந்த எழுத்து கேக்குது, எது கேக்கலங்கறது பேரோட சொத்து, அதை அப்படியே எடுத்துக்கங்க. கேக்கற எழுத்து எந்த ராகத்துல கேக்குதுங்கறது ஆளோட அக்சென்ட், அதை விட்டுட்டு உங்க இயல்பான பிரெஞ்சுல சொல்லுங்க. துப்ராவுல இசட் இல்லங்கறது பேர். ழொரேஸ்ல எஸ் இருக்குங்கறது பேர். மர்த்தேன்ல ங் வர்றது அக்சென்ட்.

சந்தேகம் வந்தா அதே ஆள் வேற ஒரு சாதாரண வார்த்தையைச் சொல்லும்போது கவனிங்க. தேதி சொல்லச் சொல்லுங்க, பதினஞ்சு, இருபதுன்னு வரும்போது மூக்கு உயிர் எப்படி விழுதுன்னு தெரிஞ்சுடும். அங்கயும் அதே சத்தம்னா அக்சென்ட், பேர்ல மட்டும்னா பேர்.

7. ஒரே வீட்ல ரெண்டு உச்சரிப்பு வந்தா

வரும், கண்டிப்பா வரும். அப்பா துப்ரா, மகன் துப்ராஸ். லியோன்ல படிச்சு, அங்க எல்லாரும் இசட் போட்டுக் கூப்பிட்டு, ஒரு கட்டத்துல அவனே போனை எடுத்து இசட்டோட சொல்ல ஆரம்பிச்சுட்டான். இதுல யார் சரின்னு தீர்ப்பு சொல்ல நாம யாரு, அப்பாவை அப்பா மாதிரி கூப்பிடுங்க, மகனை மகன் மாதிரி கூப்பிடுங்க. ஃபைல்ல ஒரே குடும்பம்னு ஒரே குறிப்பைக் காப்பி பண்ணாதீங்க, இதுதான் எங்க டெஸ்க்ல அடிக்கடி நடக்கற தப்பு.

இது ஏன் நடக்குதுன்னு தெரிஞ்சா கவனிக்கறது சுலபம். 1794 ஆகஸ்ட் 23 சட்டத்துல பிறப்புப் பதிவுல இருக்கறதைத் தவிர வேற பேர் யாரும் வச்சுக்கக் கூடாதுன்னு ஆச்சு, எழுத்து அப்படியே உறைஞ்சுது. வாயை எந்தச் சட்டமும் உறைய வைக்கல. ஊர்ப் பேச்சு தெரிஞ்ச தலைமுறை போகப் போக எழுத்தைப் பார்த்துச் சொல்ற தலைமுறை வருது, ஊமை எழுத்துக்கு உயிர் வருது.

சில சமயம் அந்த மாற்றமே புதுப் பேரா நின்னுடும். லெஃபேவ்ர், கொல்லன்னு அர்த்தம், எழுத்துல நடுவுல ஒரு பி இருக்கும், லத்தீன் வார்த்தையை ஞாபகப்படுத்த எழுத்தர்கள் போட்டது, யாரும் சொன்னதில்ல. பழைய கையெழுத்துல யூவும் வியும் ஒரே மாதிரி எழுதுவாங்க, அதனால யாரோ வியை யூன்னு படிச்சு லெஃபேப்யூர்னு ஒரு பேர் கிளம்பிடுச்சு, இன்னிக்கு அது தனிக் குடும்பம். அவங்ககிட்ட போய் உங்க பேர் தப்புன்னு சொல்ல முடியாது இல்லையா.

சில பேர் வேணும்னே மாத்திக்கிட்டாங்க. கோர்சிகா தீவுல பொறந்த நெப்போலியன் 1796 வரைக்கும் புவொனபார்த்தேன்னு இத்தாலிய மாதிரி எழுதினவர், அப்புறம் யூவை எடுத்துட்டு பொனபார்த் ஆனார்.

8. கடல் தாண்டிப் போன பேர்

இந்தப் பேருங்களுக்கு பிரான்ஸ் விதியை மாட்டாதீங்க, போய்ச் சேர்ந்த ஊர் விதிதான்.

1688 வாக்குல பிரான்ஸ்ல இருந்து ஓடி தென்னாப்பிரிக்கா கேப் பக்கம் போன புராட்டஸ்டன்ட் குடும்பங்க பேர் நமக்கு கிரிக்கெட்ல நல்லாவே தெரியும். சிஎஸ்கேக்கு ஆடுன டூப்ளெசி, கடைசி எஸ் இன்னும் ஊமையா அப்படியே இருக்கு. டிவில்லியர்ஸ் பேர்ல மட்டும் எஸ் கேக்குது, பிரான்ஸ்ல அதே எழுத்தை வில்லியேன்னு முடிப்பாங்க. ஒரே காலத்துல ஒரே மாதிரி போன குடும்பங்க, ஒண்ணு வச்சுக்கிச்சு, ஒண்ணு விட்டுடுச்சு. அமெரிக்கால மிசிசிப்பில பொறந்த ஃபுட்பால் வீரர் ஒருத்தர் பேர் பிரெட் ஃபார்வ், பிரான்ஸ்ல அந்த எழுத்து ஃபாவ்ர்.

எதிர்த் திசையும் இருக்கு, நம்ம பேர் பிரெஞ்சு எழுத்துக்குள்ள போனது. ரெயூனியோன் தீவுலயும் புதுச்சேரி பழைய பத்திரத்துலயும் முருகன் எழுதும்போது கடைசில ஒரு ஈ சேர்ப்பாங்க. ஈ இல்லன்னா பிரெஞ்சு வாய் ன்-ஐ மூக்குக்குள்ள இழுத்துடும், ஈ இருந்தா நாக்கு தொட்டு முருகன் முருகனாவே நிக்கும். ராமசாமில ரெண்டு எஸ் போடறதும் அதுக்குத்தான், ரெண்டு உயிருக்கு நடுவுல ஒத்தை எஸ் வந்தா இசட் சத்தம் ஆயிடும். பிள்ளை பூலே ஆகி வீரப்பூலேன்னு ஒரு பேர் அங்க பிரபலம். இந்தக் குடும்பத்து ஆள் வந்தா நம்ம தமிழ் உச்சரிப்பைத் திணிக்கக் கூடாது, நாலஞ்சு தலைமுறையா அவங்க வாயில அது வீரப்பூலேதான். எனக்கு இதுல ஆரம்பத்துல மனசு கேக்கல, எங்க பேரைத்தானே சொல்றோம்னு தோணும், ஆனா ரெண்டாவது படில சொன்னதுதான் இங்கயும், வீட்ல எப்படிச் சொல்றாங்களோ அப்படி.

புதுச்சேரிக்காரங்களுக்கு ஒரு குறிப்பு: நம்ம ஊர்ல குபேர் மார்க்கெட்னு சொல்றது கூபேர், டி ஊமை, அதை நம்ம ஜனங்க காதால கேட்டுதான் பிடிச்சிருக்காங்க, அதனாலதான் அந்த டி தமிழ்ல வரவே இல்ல. கவர்னர் டூப்ளே பேருக்கு தமிழ்ப் புத்தகத்துல டூப்ளே, டூப்ளெக்ஸ் ரெண்டும் இருக்கும், குழம்ப வேண்டாம், பாரிஸ் மெட்ரோ ஸ்டேஷனுக்கு எக்ஸோட சொல்றாங்க, ஆளுக்கு எக்ஸ் இல்லாமலும் சொல்றாங்க.

9. தமிழ்ல குறிச்சு வைக்கற முறை

நோட்டுல பேருக்கு நேரா தமிழ்ல எழுதுங்க, தமிழ் எழுத்து கேட்டதை எழுதும், இங்கிலீஷ்ல எழுதினா திரும்பவும் ஸ்பெல்லிங் குழப்பம்தான். ஊமை எழுத்தை எழுதவே வேண்டாம், அடைப்புல கூட போடாதீங்க, அவசரத்துல கண்ணு அதையும் சேர்த்துப் படிச்சுடும்.

மூக்குல முடியற ன்-க்கு மேல ஒரு சின்ன வட்டம், நாக்கு தொடற ன்-க்கு ஒண்ணும் வேண்டாம். பிரெஞ்சு யூவுக்கு அடில ஒரு கோடு. இந்த ரெண்டு குறி போதும், நிறைய குறி வச்ச பசங்க ஒரு மாசத்துல தன் நோட்டைத் தானே படிக்க முடியாம தூக்கிப் போட்டுட்டாங்க.

பக்கத்துல மூணு விஷயம்: யார் சொன்னாங்க, எந்த ஊர், எந்த வருஷம். யார்னா ஆளே சொன்னாரா, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாரா, நீங்களே விதி வச்சு ஊகிச்சதா. ஊகம்னா பென்சில்ல எழுதுங்க, ஆள் வாயில இருந்து வந்தா பேனா. வருஷம் எதுக்குன்னா, போன மாசம் அந்த துப்ரா பாட்டியோட பேத்தி வந்தா, நான் துப்ரான்னு கூப்பிட்டதும் எந்திரிச்சா, கிட்ட வந்து "நாங்க இப்ப இசட்டோட சொல்றோம், ஆனா பாட்டி இருந்திருந்தா உங்களை மாதிரிதான் கூப்பிட்டிருப்பாங்க"ன்னா. பாட்டி பேருக்குக் கீழ இந்த வருஷத்தைப் போட்டு தனி வரில துப்ராஸ்னு பேனால எழுதிக்கிட்டேன்.